காய்ச்சல் இறங்கிய பிறகு பார்க்க வேண்டிய எண்கள்

டெங்கு வார்டில் ஐந்தாம் நாள் காலை பெரும்பாலும் நிம்மதியோடு விடியும். நான்கு நாளாக 102, 103 என்று அடித்த காய்ச்சல் இரவோடு இரவாக இறங்கியிருக்கும். உடனிருப்பவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று பையைக் கட்டத் தொடங்குவார்கள். டெங்குவில் சிலருக்கு ஆபத்து தொடங்குவதே அந்தக் காலையில்தான்.

இருபத்தைந்து வயதுள்ள ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு அவருடைய கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருப்பவை இவை: வெப்பநிலை 98.4 டிகிரி ஃபாரன்ஹீட், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 108, ரத்த அழுத்தம் 112/94, மூச்சு நிமிடத்துக்கு 20, ஆக்சிஜன் அளவு 98 சதவீதம். நல்ல நினைவோடு இருக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார், களைப்பாக இருக்கிறது என்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் இந்த எண்களில் எதுவும் யாரையும் பதற வைக்காது. மேல் அழுத்தம் 112 என்பது இளைஞருக்கு நல்ல அளவு. நாடி கொஞ்சம் வேகம். காய்ச்சல்காரருக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் காய்ச்சல்தான் இல்லையே! உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி ஏறத்தாழ 10 துடிப்பு கூடும் என்பது மருத்துவர்களின் பழைய கணக்கு. வெப்பம் இறங்கினால் நாடியும் கூடவே இறங்க வேண்டும். இறங்காமல் 108-இல் நிற்கிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது.

இப்போது 112/94 என்பதை மறுபடியும் பாருங்கள். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளியை மருத்துவர்கள் பல்ஸ் பிரஷர் என்பார்கள். நலமாக இருப்பவருக்கு அது 40-ஐ ஒட்டி இருக்கும். இவருக்கு 18. டெங்கு நோயாளிக்கு அது 20-ஆகவோ அதற்குக் கீழோ சுருங்கினால், மேல் அழுத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அவர் அதிர்ச்சி நிலைக்குள், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத 'ஷாக்' நிலைக்குள், போய்க்கொண்டிருக்கிறார் என்று கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009 டெங்கு வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. அவருடைய உள்ளங்கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும். விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தால், வெளுத்த இடம் மறுபடி சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகும்.

உள்ளே நடப்பது இதுதான். டெங்குவில் ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வயிற்றறைக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் வெளியேறுகிறது. வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமலே குழாய்க்குள் ஓட வேண்டிய அளவு குறைந்துவிடுகிறது. உடல் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. வருமானம் சுருங்கிய வீட்டில் பிள்ளைகளின் சாப்பாட்டில் கை வைக்காமல் மற்றச் செலவுகளை வெட்டுவதுபோல், தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைக் காத்துத் தருகிறது. குழாய்கள் இறுகுவதால் கீழ் அழுத்தம் ஏறுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தம் குறைவதால் இடைவெளி சுருங்குகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. மேல் அழுத்தம் மட்டும் கடைசிவரை பிடித்து நிற்கிறது. அது சரியும்போது சமாளிக்கும் வழிகள் தீர்ந்துபோயிருக்கும். அதன் பிறகு மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு.

நூல்களில் உயிர்க்குறிகள் என்றும் வார்டுகளில் வைட்டல்ஸ் என்றும் சொல்லப்படும் எண்கள் எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். உடல் எவ்வளவு பாடுபட்டு நிலைமையைச் சமாளிக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. அதனால் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து, அது 'நார்மல்' பட்டியலுக்குள் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டு நகர்வது ஏறக்குறைய பார்க்காததற்குச் சமம்.

நம் ஊரில் டெங்கு என்றதும் எல்லாருடைய கண்ணும் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் எண்ணிக்கை மேல்தான் இருக்கிறது. காலையும் மாலையும் ரத்தப் பரிசோதனை, அது இறங்கினால் அழுகை, ஏறினால் கொண்டாட்டம், நடுவில் பப்பாளி இலைச் சாறு. தட்டணுக்கள் குறைவது உண்மைதான். அதைக் கவனிக்கவும் வேண்டும். ஆனால் டெங்குவில் பலரைக் கொண்டுபோவது இந்தக் கசிவும் அதைத் தொடரும் அதிர்ச்சியும்தான். அதைக் காட்டிக்கொடுப்பவை நாடியும், அழுத்த இடைவெளியும், கைகால் சில்லிடுவதும், சிறுநீர் குறைவதும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் ஏறுவதும். 2017-இல் 1,86,000-க்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்ட இலங்கையில், பல்ஸ் பிரஷரையும் சிறுநீர் அளவையும் தனிக் கட்டங்களில் குறிக்கும் கண்காணிப்புப் படிவங்கள் வார்டுகளில் புழக்கத்தில் உள்ளன. அந்தப் படிவத்தை நிரப்ப விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

எண்களைக் கூட்டிப் பார்க்கும் முறைகளும் உண்டு. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய 'நியூஸ்' என்ற மதிப்பெண் முறை. மூச்சு, ஆக்சிஜன் அளவு, செயற்கையாக ஆக்சிஜன் தரப்படுகிறதா என்பது, மேல் அழுத்தம், நாடி, நினைவு நிலை, வெப்பநிலை ஆகிய ஏழுக்கும் இயல்பிலிருந்து விலகும் அளவுக்கு ஏற்ப மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும்; 7 ஆனால் அவசரநிலை. அருமையான முறைதான். அனுபவம் குறைந்த செவிலியரும் நள்ளிரவில் மருத்துவரை அழைக்க அது துணிவு தருகிறது. ஆனால் நம் டெங்கு நோயாளிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். நாடி 108-க்கு ஒரு மதிப்பெண், மற்ற எல்லாவற்றுக்கும் பூஜ்யம், மொத்தம் 1. அந்த முறை கீழ் அழுத்தத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எந்த நோய்க்கு எந்த எண் முதலில் அசையும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் மதிப்பெண் தாள் மட்டும் காப்பாற்றாது.

இந்த எண்கள் மருத்துவத்துக்குள் வந்த வரிசையும் சுவையானது. நாடிதான் மூத்தது. சித்த மருத்துவர் வாதம், பித்தம், கபம் பார்க்க மூன்று விரல் வைக்கும் அதே மணிக்கட்டில்தான் இன்றைய செவிலியரும் விரல் வைத்து எண்ணுகிறார். கடிகாரத்தை வைத்து அதை எண்ணும் பழக்கத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில மருத்துவர்; 1707-இல் நாடிக்கென்றே ஒரு கடிகாரத்தை அறிமுகப்படுத்தினார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிக் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்துத் திரட்டிய அளவுகளை 1868-இல் வெளியிட்டபோதுதான், காய்ச்சலை நாள்தோறும் வரைபடமாகப் போட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று. 1896-இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி, கையைச் சுற்றிக் காற்றடைத்த பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தார். நாடி மறையும் இடத்தை விரலால் உணர்ந்து அளந்ததால் அவருக்குக் கிடைத்தது மேல் அழுத்தம் மட்டுமே. 1905-இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்ட பிறகே கீழ் அழுத்தத்தை எளிதாக அளக்க முடிந்தது. அவர் கேட்ட அந்த ஒலிகள் இல்லையென்றால் 112-க்குப் பக்கத்தில் 94 என்று எழுத முடியாது.

மூச்சை எண்ண மட்டும் எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அதனாலேயே அது அதிகம் புறக்கணிக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். எந்தப் பொது வார்டிலும் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் மூச்சு என்ற கட்டத்தில் 18, 20, 18, 20 என்று வரிசையாக இருக்கும். நுரையீரல் அழற்சிக்காரருக்கும் 20, எலும்பு முறிந்தவருக்கும் 20. எண்ணாமல் எழுதப்பட்டவை அவை. குறை செவிலியரிடம் மட்டும் இல்லை. ஒரே செவிலியர் பெரிய வார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில், ஒவ்வொருவரின் நெஞ்சையும் ஒரு முழு நிமிடம் பார்த்து நிற்க யாரால் முடியும்? ஆனாலும் இழப்பு பெரிது. வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் அந்த ஒன்றுக்கே 'நியூஸ்' முறையில் மூன்று மதிப்பெண்.

மூச்சு ஏன் இவ்வளவு முன்கூட்டியே பேசுகிறது? நுரையீரலில் கோளாறு இருந்தால்தான் மூச்சு வேகமாகும் என்று நினைக்கிறோம். உண்மையில், திசுக்களுக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் போனாலும், கிருமித்தொற்று ரத்தத்தில் பரவினாலும், சர்க்கரை நோயில் கீட்டோன்கள் பெருகினாலும் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. அதைக் குறைக்க உடலுக்குள்ள விரைவான வழி கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவது. அதற்காக மூச்சு வேகமாகிறது. நுரையீரல் தெளிவாக இருக்கும், ஆக்சிஜன் 98 காட்டும், மூச்சு மட்டும் 28 இருக்கும். பதற்றத்தாலும் அப்படி ஆகலாம். ஆனால் மற்றக் காரணங்களைத் தேடிப் பார்த்து விலக்கிய பிறகே பதற்றம் என்று எழுத வேண்டும். 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மருத்துவமனையில் இருக்கும்போது இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்தது. அவர்களில் 84 சதவீதத்தினருக்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் நிலைமை மோசமானதற்கான தடயம் பதிவாகியிருந்தது. எதிர்பாராத மரணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி முன்னறிவிப்போடு வந்திருக்கிறது.

எண்ணும் முறையில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. 'மூச்சை எண்ணப்போகிறேன்' என்று சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். அதனால் தேர்ந்த செவிலியர் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே, கண்ணை நெஞ்சின் மேல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுவார். குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. மூச்சு இந்த அளவைத் தொட்டாலே வேகமூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு எண்ண வேண்டும். எக்ஸ்ரே வசதி இல்லாத இடத்திலும் நிமோனியாவைச் சந்தேகித்துச் சிகிச்சை தொடங்க இந்த எண் உதவுகிறது.

ரத்தப்போக்கிலும் டெங்குவில் பார்த்த அதே கதைதான். சராசரி உடல்வாகு உள்ள ஒருவர் உடலிலுள்ள ரத்தத்தில் 30 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இழக்கும் வரைகூட மேல் அழுத்தம் சரியாமல் நிற்கலாம். பிரசவமான பெண்ணுக்கு இது இன்னும் ஏமாற்றும். கர்ப்பகாலத்தில் ரத்த அளவு கூடியிருப்பதால் நிறைய இழந்த பிறகும் அழுத்தம் நன்றாகவே காட்டும். நாடியை மேல் அழுத்தத்தால் வகுக்கும் எளிய கணக்கு ஒன்று இங்கே கைகொடுக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு அது 0.9-ஐத் தொட்டால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். அழுத்தம் 110, நாடியும் 110 என்றால் விடை 1. துணி நனைந்த அளவைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது பெரும்பாலும் குறைவாகவே முடியும். இந்த வகுத்தலை அப்படிக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் நாடியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற, நாடியை மெதுவாக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு உள்ளுக்குள் ரத்தம் கசிந்தாலும் நாடி 80-ஐத் தாண்டாமல் இருக்கலாம். பல ஆண்டுகளாக 170 மேல் அழுத்தத்தோடு வாழ்ந்தவருக்கு ஒரு நாள் காலை 115 காட்டினால், அது மற்றவருக்கு இயல்பாக இருக்கலாம், அவருக்கு வீழ்ச்சி. அதனால் நோயாளியின் வழக்கமான அளவு என்ன, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற இரண்டு கேள்விகளும் இல்லாமல் எடுக்கப்படும் அளவீடு பாதி அளவீடுதான்.

அளப்பதிலேயே பிழை இருந்தால் மேலே சொன்னது எதுவும் பயன்படாது. புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் படியேறி வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ரத்த அழுத்தம் பார்த்து, 130/80 என்று பூஜ்யத்தில் முடித்து எழுதுகிறார்கள். ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும், சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும், அரை மணிக்குள் காபியோ புகையோ கூடாது. பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அந்த ஒரு தவறால் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட நேர்கிறவர்கள் உண்டு. தானியங்கிக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாடி ஒழுங்கற்று அடிப்பவரிடமும் அதிர்ச்சி நிலையில் இருப்பவரிடமும் அவை தடுமாறும். கருவி எண்ணைச் சொல்லும். நாடி நூல்போல மெலிந்திருக்கிறதா, தாளம் தப்பி அடிக்கிறதா என்பதை விரல்தான் சொல்லும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு அடித்தளம் இட்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. நிஹான் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1974-இல் அதன் தத்துவத்தை அறிவித்தார். அது எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை 2021-இன் கோடையைக் கடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் எல்லைகளையும் அறிந்துகொள்வது நல்லது. விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் தவறாகக் காட்டலாம். மூடிய அறையில் கரி மூட்டம் போட்டு மயங்கியவருக்கு, ரத்தம் கார்பன் மோனாக்சைடால் நிறைந்திருந்தாலும் 98 காட்டும். கடும் ரத்தசோகை உள்ளவருக்கும் 98 காட்டும், ஏனென்றால் அது காட்டுவது சதவீதம் மட்டுமே, மொத்த அளவு தெரியாது. தோல் நிறமும் குறுக்கிடுகிறது. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 12 சதவீதம், வெள்ளையரிடம் 4 சதவீதத்துக்கும் குறைவு. கருமை நிறத்தவர் நிறைந்த நம் நாட்டில் 94 என்ற எண்ணின் விளிம்பில் நிற்பவரைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க இதுவே போதிய காரணம்.

வெப்பநிலை பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. எல்லா வீட்டிலும் எல்லாரும் பார்ப்பது அது ஒன்றுதான். காய்ச்சல் இல்லாததை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் சிக்கல். வயதானவருக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் கடும் தொற்றிலும் காய்ச்சல் வராமல் போகலாம். உடல் சில்லிட்டு 96-க்குக் கீழே போவதும் உண்டு, அது இன்னும் மோசமான குறி. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 வந்தாலே, முகம் தெளிவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நினைவு நிலையை அளக்கக் கருவி எதுவும் இல்லாததால் அது பட்டியலில் கடைசியில் தள்ளப்படுகிறது. "அப்பா ராத்திரியெல்லாம் ஏதோ உளறிக்கொண்டிருந்தார்" என்று மகள் சொன்னால், வயதாகிவிட்டது, இடம் புதிது என்று பதில் வரும். 2017 திருத்தத்தில் 'நியூஸ்' முறை புதிதாக வந்த மனக்குழப்பத்துக்கு மட்டும் மூன்று மதிப்பெண் கொடுத்தது. அது புதியதா, வழக்கமானதா என்று சொல்லக்கூடியவர் அந்த மகள் ஒருவர்தான். அவரைக் கேட்டுவிட்டு, உடனே ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்தாலும் இப்படித்தான் உளறுவார்கள்.

படுக்கையருகே இருக்கும் உறவினர்களிடம் ஒரு சிறு நோட்டும் பேனாவும் இருந்தால் எவ்வளவோ வித்தியாசம் ஏற்படும். "மூச்சு வாங்குகிறார், வந்து பாருங்கள்" என்ற அழைப்பு இரவுப் பணி மருத்துவரின் காதில் பத்தோடு பதினொன்றாக விழும். "மாலை 6 மணிக்கு மூச்சு 18, இரவு 10 மணிக்கு 24, இப்போது 30, மதியத்துக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை, கை சில்லென்று இருக்கிறது" என்று நேரத்தோடு சொன்னால் அவர் மாடிப்படியில் இறங்கும்போதே என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். டெங்குவில் காய்ச்சல் விட்ட முதல் இரண்டு நாள்களுக்கு வீட்டில் இருப்பவருக்கும் இதே கணக்குதான். நான்கு முதல் ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலும், விடாத வாந்தியோ வயிற்று வலியோ இருந்தாலும், கைகால் குளிர்ந்தாலும், மறுநாள் பிளேட்லெட் பரிசோதனைக்குக் காத்திராமல் அப்போதே கிளம்ப வேண்டும்.